உருளைக்கிழங்கு இல்லாத குழம்பு

மியாகே யசுஹிகோ முப்பத்தெட்டு வருடம் தண்ணீர்க் குழாய்களைத் திறந்து மூடிச் சம்பளம் வாங்கியவர். குராஷிகியில் குழாய் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவின் தலைவர். ஆயிரம் குழாய்க்கு மூன்று ஒழுகினால் அவர் முகம் வாடும். நான்கு ஒழுகினால் மற்றவர்கள் முகம் வாடும். அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் பதினோரு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி சுமியே அதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "அது எங்க கம்பெனிக் குழாய் இல்ல."

மார்ச் மாதக் கடைசி நாள், ஓய்வு பெற்றதற்காகத் தொழிற்சாலையில் கொடுத்த பூங்கொத்தை என்ன செய்வதென்று தெரியாமல், மடக்கிய குடையைப் போலத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவர் எங்கள் தெருவுக்குள் வந்தார். வீட்டில் சுமியே விசேஷத்துக்குச் செய்யும் சிவப்புப் பயறு போட்ட சோறும் முழு மீன் சுட்டதும் வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் சுமியே இடுப்பிலிருந்த ஏப்ரனை அவிழ்த்து, நான்காக மடித்து, மேசையில் கணவர் பக்கமாகத் தள்ளினார்.

மகள் சிஹாரு பிறந்த நாளிலிருந்து இவர்கள் ஒருவரையொருவர் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மகள் கல்யாணமாகி நகோயாவுக்குப் போய் ஆறு வருடமாகியும் அதை மாற்ற இருவருக்கும் தோன்றவில்லை.

"அப்பா, உங்களுக்கு முப்பத்தெட்டு வருஷம். எனக்கு முப்பத்தாறு. இன்னியோட நானும் ஓய்வு பெறுறேன்."

"எதுலேருந்து?"

"அடுப்புலேருந்து."

யசுஹிகோ ஏப்ரனைப் பார்த்தார். அதில் ஒரு பூனை மீனைத் துரத்திக்கொண்டிருந்தது.

"அப்ப சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

"அதைத்தான் முப்பத்தாறு வருஷமா நானும் தினமும் யோசிச்சேன்."

விஷயம் இதுதான். சுமியேவுக்கு நகராட்சி நீச்சல் குளத்தில் வேலை கிடைத்திருந்தது. மதியம் பன்னிரண்டிலிருந்து மாலை ஆறு வரை, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சாவி கொடுத்து வாங்கும் வேலை. ஜூன் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வரை தற்காலிகம். அன்று ஒப்பந்தத்தில், கையெழுத்துக்குப் பதிலாக, தன் பெயர் முத்திரையைக் குத்திக் கொடுத்தால் நிரந்தரம்.

"ஆறு மணிக்கு மேல வந்து என்னால சமைக்க முடியாது. ஜூன் வரைக்கும் நீங்க சமாளிச்சீங்கன்னா முத்திரை குத்தறேன். இல்லன்னா வேலையை விட்டுட்டு ஏப்ரனைத் திரும்ப வாங்கிக்கறேன். அவ்வளவுதான்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வேலை அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது குளத்துக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை, எல்லோரும் பத்து நிமிடம் தண்ணீரை விட்டு வெளியே வர வேண்டும் என்பது குளத்தின் விதி. அதை ஒலிபெருக்கியில் சொல்வது சுமியேவின் பொறுப்பு. "ஓய்வு நேரம். தயவுசெய்து எல்லோரும் மேலே வரவும்." சொன்ன மறு கணம் எழுபது பேர் மறுபேச்சில்லாமல் ஏறி வருவார்கள். "குளிக்கப் போங்க" என்று ஒரே ஒரு மனிதரிடம் நான்கு தடவை சொல்லி முப்பத்தாறு வருடம் வாழ்ந்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும்!

யசுஹிகோ இதைத் தனக்குக் கிடைத்த பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் முதல் தேதி சமையலறைச் சுவரில் பதினேழு அம்சங்கள் கொண்ட சோதனைப் பட்டியல் ஒட்டப்பட்டது. தொழிற்சாலையில் செய்வதுபோல, ஒவ்வொன்றையும் விரலால் சுட்டிக்காட்டி உரக்கச் சொல்வார். "கேஸ், சரி! கத்தி, சரி! பலகை, சரி!" பக்கத்து வீட்டு கதயாமா-சான் முதல் நாள் இதைக் கேட்டுவிட்டு, உள்ளே ஏதோ ரயில் புறப்படுகிறது என்று நினைத்தாராம். கதயாமா-சான் கணவரை இழந்தவர். நாய் வளர்க்கவில்லை, அவருடைய காதுக்கும் மூக்குக்கும் முன்னால் அதற்கு வேலையும் இருந்திருக்காது.

முதல் இரவு ஏழு மணிக்கு மிசோ சூப் தயார். மீன் தயார். துருவிய முள்ளங்கி, மீனுக்கு வலது பக்கத்தில், மலைபோல் குவித்து வைக்கப்பட்டிருந்தது. ரைஸ் குக்கரைத் திறந்தால், கழுவிய அரிசி குளிர்ந்த நீரின் அடியில் அமைதியாகப் படுத்திருந்தது. பதினேழு அம்சங்களில் குக்கரின் ஸ்விட்ச் இல்லை.

சுமியே எட்டிப் பார்த்தார். "ஓய்வு நேரம். தயவுசெய்து எல்லாரும் மேல வரவும்."

மறுநாள் பட்டியலில் பதினெட்டு அம்சங்கள்.

உப்புதான் அவரை மிகவும் சோதித்தது. சமையல் புத்தகம் எழுதுகிறவர்கள் மாவுக்குக் கிராம் சொல்கிறார்கள், சோயாவுக்குக் கரண்டி சொல்கிறார்கள்; உப்பு என்று வந்ததும் கூட்டாகச் சேர்ந்து "தேவையான அளவு" என்று எழுதிவிடுகிறார்கள். யசுஹிகோ பதிப்பகத்துக்கே போன் செய்தார். எடுத்தது ஓர் இளம்பெண்.

"நாற்பத்திரண்டாம் பக்கம். தேவையான அளவுன்னு போட்டிருக்கு. எத்தனை கிராம்?"

"அது... வீட்டுல சாப்பிடறவங்களுக்குத் தேவையான அளவு, சார்."

"அது எத்தனை கிராம்?"

"அவங்களைக் கேட்டாத்தான் சார் தெரியும்."

அன்று மாலை அவர் சுமியேவைத் தராசின் முன் உட்காரவைத்து இருபது தடவை உப்பைக் கிள்ளிப் போடச் சொன்னார். சராசரி முக்கால் கிராம். ஏற்ற இறக்கம் மிக அதிகம். "இந்தக் கையை எங்க தொழிற்சாலையில சேத்துக்க மாட்டோம்" என்றார். "இந்தக் கையிலதான் நீங்க உயிரோட இருக்கீங்க" என்றார் சுமியே.

ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: அவருக்குச் சமையல் வந்தது. மே மாத நடுவில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சோயாவில் வெந்து பளபளத்தன. சுருட்டு முட்டை முதலில் செங்கல் போலிருந்தது, பிறகு மெல்ல முட்டையானது. கேரட் துண்டுகள் அனைத்தும் ஒரே கனம். அளவுகோல் வைத்து வெட்டினார் என்று கதயாமா-சான் சொல்வதை நான் முழுக்க மறுக்கத் தயாராக இல்லை. சமைப்பது பெரிய காரியமல்ல என்று அவருக்குப் புரிந்தது. பெரிய காரியம் வேறொன்று.

தினமும் காலையில் அவர் கேட்பார்: "அம்மா, இன்னிக்கு ராத்திரிக்கு என்ன வேணும்?"

சுமியே காலணியை மாட்டிக்கொண்டே சொல்வார்: "எதுவானாலும் சரி."

இது அந்த வீட்டில் புதிய பதில் அல்ல. முப்பத்தாறு வருடமாக யசுஹிகோ சொன்ன பதில். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, குளியல் தொட்டியிலிருந்து, அரைத் தூக்கத்திலிருந்து அவர் சொல்லிக்கொண்டே வந்த இரண்டு சொற்களில் இரண்டாவது எப்போதும் பாதி விழுங்கப்பட்டிருக்கும். எதுவானாலும் சரி என்பாரே தவிர, நேற்றைய இறைச்சி உருண்டையை இன்றும் வைத்தால் "நேத்தும் இதானே?" என்பார். நூடுல்ஸ் வைத்தால் "மத்தியானம் கேன்டீன்ல இதான் சாப்பிட்டேன்" என்பார். அந்த "எதுவானாலும்" என்பதற்குள் எத்தனை நிபந்தனைகள் இருந்தன என்பதை ஒரு வழக்கறிஞர்கூட எண்ணிச் சொல்ல முடியாது.

இப்போது அதே பதில் அவருக்கே திரும்ப வந்தது. சுமியே பழிவாங்கினாரா? இல்லை என்று அவர் சத்தியம் செய்வார். "நிஜமாவே எனக்கு எதுவானாலும் சரிதான். யாரோ சமைச்சு வெச்சிருக்காங்க, நான் உக்காந்து சாப்பிடறேன், அது போதாதா?" அது உண்மை. பழிவாங்கினார் என்பதும் உண்மை.

யசுஹிகோ காய்கறிக் கடையில் முட்டைக்கோசின் முன்னால் கால் மணி நேரம் நிற்க ஆரம்பித்தார். அங்கே அதேபோல் நின்றுகொண்டிருந்த பெண்களைப் பார்த்து, முதல் தடவையாக, தலை குனிந்து வணங்கினார். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: மனைவி ஒரே ஒரு நாள் ஒரு பண்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். சாப்பிட்ட பிறகு "நல்லாருக்கு" என்று சொன்னால் நல்லது. ஆனால் அதுவரைக்கும் ஆசைப்பட அவருக்குத் துணிச்சல் இல்லை. சுமியே சாப்பிட்டு முடித்துத் தருகிற தரச் சான்றிதழ் "ம்" என்ற ஒற்றை எழுத்துத்தான்.

ஜூன் மாதக் கடைசி வியாழக்கிழமை. மறுநாள் முத்திரை குத்த வேண்டிய நாள். ஒப்பந்தத் தாள் குளிர்பெட்டிக் கதவில் ஒரு காந்தத்தின் அடியில் பத்து நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே மழை.

"அம்மா, இன்னிக்கு ராத்திரிக்கு என்ன வேணும்?"

"எதுவானாலும் சரி."

வழக்கமாக யசுஹிகோ ஒரு பெருமூச்சு விடுவார். அன்று விடவில்லை. கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"சரி. புரிஞ்சுது" என்றார்.

"என்ன புரிஞ்சுது?"

"ஒண்ணுமில்ல. மழை வருது, பாத்துப் போ."

சுமியேவுக்கு அந்தப் "புரிஞ்சுது" குளம்வரை கூடவே வந்தது. அன்று மதியம் அவர் இருபது நிமிட இடைவெளியில் இரண்டு தடவை ஓய்வு நேரம் அறிவித்துவிட்டார். எழுபது பேரும் இரண்டாவது தடவையும் முணுமுணுக்காமல் ஏறி வந்து, ஈரத் தலையோடு சுவரோரம் வரிசையாக நின்றார்கள். அதைப் பார்த்தும் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை.

இந்த இடத்தில் குழம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரே என்று நாங்கள் சொல்வது சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடும் பழுப்புக் குழம்பு. கடையில் கட்டியாக விற்பதை உடைத்துக் கரைப்பது. அதை எல்லா வீட்டிலும் எல்லா நாளும் வைப்பார்கள். ஆனால் ஒரு வீட்டில் பெரிய பானை நிறையக் கரே கொதித்தால், அந்த வீட்டில் சமைக்கிறவர் ஊருக்குப் போகிறார் என்று பொருள். வீட்டிலிருப்பவர் சூடு பண்ணிச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவில் எந்தக் கணவரும் பெரிய பானையைப் பார்த்தால் முதலில் கேட்கிற கேள்வி "எத்தனை நாள்?" என்பதுதான். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு நாள் பயணம் என்றால் உருளைக்கிழங்கு போடலாம். அதற்கு மேல் என்றால் குழம்பை உறையவைக்க வேண்டியிருக்கும். உறைந்த உருளைக்கிழங்கு நனைந்த பஞ்சு மாதிரி ஆகிவிடும். ஆகவே உருளைக்கிழங்கே இல்லாத குழம்பு என்றால் நீண்ட பயணம்.

சுமியே வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அந்தக் குழம்பு வைத்திருக்கிறார். சிஹாருவுக்கு எட்டு வயது. ஆகஸ்ட் மாதம். ஒரு காலையில் அவர் செய்தித்தாளின் இந்தப் பக்கமிருந்து கேட்டார்: "அப்பா, நாம பிரிஞ்சிடலாமா, இல்ல இப்படியே இருந்துடலாமா?" செய்தித்தாளின் அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது: "எதுவானாலும் சரி."

சுமியே பன்னிரண்டு தட்டுக்கான குழம்பு வைத்தார், உருளைக்கிழங்கு இல்லாமல். சோற்றைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, மேலே கிழமை எழுதி, உறைபெட்டியில் அடுக்கினார். மகளை அழைத்துக்கொண்டு த்சுயாமாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். கடிதம் எழுதவில்லை. பானை நிறைய எழுதிவைத்த பிறகு தாளில் வேறு எதற்கு என்று நினைத்தார்.

ஐந்தாம் நாள் அக்கா வீட்டில் போன் அடித்தது.

"அம்மா, அந்தச் சிவப்பு ஊறுகாய் எங்க இருக்கு?"

"...ஃப்ரிட்ஜ் கதவுல."

"பாத்தேன். இல்லயே."

"ரெண்டாவது தட்டு. முட்டைக்குப் பின்னாடி."

"முட்டை எங்க இருக்கு?"

சுமியே போனை வைத்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்தார். கோபத்தில் போனவர் அதைவிடப் பெரிய கோபத்தில் திரும்பி வந்தார். வாசலில் யசுஹிகோ, "அக்கா வீட்டுல நல்லா ஓய்வெடுத்தியா?" என்று கேட்டார். தன்னை விட்டு மனைவி போயிருந்தார் என்பது அவருக்கு அன்றும் தெரியாது, அதன் பிறகும் தெரியாது. தெரிந்தவர்கள் மூன்று பேர்: அக்கா, பின்னாளில் சிஹாரு, சுமியே கிளம்பிய நாளில் முட்டை வாங்கிவர ரயில் நிலையத்துப் பக்கம் போயிருந்த கதயாமா-சான்.

வியாழக்கிழமைக்கு வருவோம். மாலை ஆறரை. மழை விட்டு வெளிச்சம் இருந்தது. சுமியே கதவைத் திறந்து, "வந்துட்டேன்" என்றார்.

வீட்டுக்குள்ளிருந்து "வா" வரவில்லை.

வாசற்படியில் யசுஹிகோவின் கேன்வாஸ் காலணிகள் ஈரத்தோடு, உள்ளே காகிதம் திணிக்கப்பட்டு, நின்றன. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வெளியே எடுக்கும் கறுப்புத் தோல் காலணிகளைக் காணவில்லை. சமையலறை பளிச்சென்று துடைக்கப்பட்டிருந்தது. மேசைமேல் ஏப்ரன், நான்காக மடித்து. குளிர்பெட்டியின் மேல் அவருடைய போன். அடுப்பின் மேல் வீட்டிலேயே பெரிய பானை.

மூடியைத் திறந்தார். பழுப்பு நிறம் விளிம்புவரை. கரண்டியை விட்டுக் கிளறினார். இறைச்சி. வெங்காயம். ஒரே கனத்தில் கேரட். அடிவரை துழாவினார். கேரட். மறுபடி கேரட்.

உறைபெட்டியைத் திறந்தார். சோற்றுப் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் அச்சடித்ததுபோன்ற எழுத்தில்: வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் கதயாமா-சான் பின்வாசல் வழியாக வந்தார், கையில் தெருவுக்குள் வீடு வீடாகச் சுற்றும் அறிவிப்புப் பலகையோடு. குப்பை போடும் நாள் மாறியிருந்தது. ஆனால் அந்தப் பலகை நாளைக் காலையில் வந்தாலும் யாருக்கும் குறையில்லை. மணம்தான் அவரை இப்போது கூட்டிவந்தது.

"மியாகே-சான், பெரிய பானை போல இருக்கே. எங்க பயணம்?"

"நான் இல்ல. அவரு."

"அவரா?" கதயாமா-சான் பானைக்குள் பார்த்தார். கரண்டியை வாங்கித் துழாவினார். முகம் மாறியது. "அய்யய்யோ."

"உறைபெட்டியில சோறும் இருக்கு."

"எந்தக் கிழமை வரைக்கும்?"

"திங்கள்."

"அப்ப செவ்வாய்லேருந்து நீங்களே பாத்துக்கணும்னு அர்த்தம்." பலகையை மேசைமேல் வைத்தார். "காலையில ஏதாச்சும் பேச்சு ஆச்சா?"

"என்ன வேணும்னு கேட்டாரு. எதுவானாலும் சரின்னேன்."

கதயாமா-சான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சுமியே நகோயாவுக்குப் போன் செய்தார்.

"சிஹாரு, அப்பா கரே வெச்சிட்டு எங்கயோ போயிட்டாரு."

"கடைக்குப் போயிருப்பாரும்மா. எத்தனை பேருக்கு வெச்சிருக்காரு?"

"பன்னெண்டு."

"சரி, அவரு டப்பாவுல போட்டிருக்கற அளவை மாத்த மாட்டாரு. இதுக்குப் போயி..." அந்தப் பக்கம் குரல் மாறியது. "அம்மா. உருளைக்கிழங்கு இருக்கா?"

"இல்ல."

"நல்லா பாத்தியா?"

"கதயாமா-சானும் பாத்தாங்க. போனையும் வீட்டுலயே விட்டுட்டுப் போயிருக்காரு."

"போனையுமா?... தொத்தோரி சித்தப்பாவுக்குப் போட்டுப் பாக்கறேன். நீ அங்கேயே இரு."

போனை வைத்ததும் குளிர்பெட்டியின் மேலிருந்த இன்னொரு போன் அலறியது. இரண்டு பெண்களும் துள்ளி எழுந்தார்கள். அழைப்பு இல்லை, அலாரம். திரையில் எழுதியிருந்தது: "கிளறவும். அடியில் சூடு தங்கும்."

சுமியே கிளறினார்.

"விட்டுட்டுப் போறவரு கிளறச் சொல்லிட்டா போவாரு?" என்றார், கிளறிக்கொண்டே.

"அக்கறை வேற, போறது வேற" என்றார் கதயாமா-சான். "என் வீட்டுக்காரரு சாகறதுக்கு முந்தின நாள் மாடி விளக்கை மாத்தினாரு." பிறகு பானையைப் பார்த்தார். "சூடா இருக்கும்போதே கொஞ்சம் சாப்பிடுங்க. வெறும் வயித்தோட அழுதா தலை வலிக்கும்."

"எனக்கு வேண்டாம்."

"துணைக்கு நானும் ஒரு தட்டு சாப்பிடறேன்."

குக்கரில் சோறு தயாராக இருந்தது; ஸ்விட்ச் போடப்பட்டிருந்தது. சுமியே ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய் எடுத்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் எவ்வளவு நேரம் வதக்கப்பட்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும். தன் வாழ்நாளில் ஒரு தடவைதான் அவ்வளவு நேரம் வதக்கியிருக்கிறார். அந்த ஆகஸ்ட் மாதம், வதக்குவதை நிறுத்தினால் கிளம்ப வேண்டியிருக்கும் என்பதால்.

"நல்லாருக்கு" என்றார், அழுதுகொண்டே.

மூன்று மாதம் யசுஹிகோ காத்திருந்த சொல். அதைக் கேட்க அங்கே அவரைத் தவிர வேண்டிய எல்லோரும் இருந்தார்கள்.

"ரொம்ப நல்லாருக்கு" என்றார் கதயாமா-சான், இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டு.

"வந்துட்டேன்" என்று வாசலில் குரல் கேட்டது.

"வாங்க" என்றார்கள் இருவரும், வாய் நிறையக் குழம்போடு, பழக்க தோஷத்தில்.

யசுஹிகோ சமையலறை வாசலில் நின்றார். வியர்த்துப்போயிருந்தார். கையில் ஒரு சின்னப் பை. மேசையைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், மூடி இல்லாத பானையைப் பார்த்தார்.

"தின்னுட்டீங்களா?" குரல் உடைந்தது. "இன்னிக்கேவா? அது நாளைக்கு! ரெண்டாம் நாள்தான் அது குழம்பு! இன்னிக்கு உனக்கு மீன் வாங்கி வெச்சிருந்தேன்!"

"எங்க போனீங்க?" சுமியே எழுந்து நின்றிருந்தார்.

"ஊறுகாய் வாங்க."

"தோல் ஷூ போட்டுக்கிட்டா?"

"அது நனைஞ்சு போச்சு. இதைத்தான் போட முடிஞ்சுது. காலைக் கடிச்சுத் தொலைக்குது." பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "கால் மணி நேரத்துல வந்துடலாம்னு போனேன். அந்தப் பழைய கம்பெனி ஊறுகாயை இப்ப யாரும் வெக்கறதில்ல. அஞ்சு கடை. கடைசியில ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் கிடைச்சுது. நீ ஏன் அழறே?"

"வெங்காயம்" என்றார் கதயாமா-சான்.

"வெங்காயத்தை நான் காலையிலயே வெட்டிட்டேனே."

"உருளைக்கிழங்கு ஏன் போடல?" என்று சுமியே கேட்டார்.

யசுஹிகோ நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "நீதான் எதையும் சொல்ல மாட்டேங்கறியே. சரி, எனக்கு எது பிடிக்குமோ அதையே செஞ்சு வெப்போம்னு காலையில முடிவு பண்ணினேன். சிஹாரு சின்னதா இருக்கும்போது, ஒரு கோடையில நீ அக்கா வீட்டுக்குப் போனியே. அப்ப ஒரு கரே வெச்சிட்டுப் போனே. உருளைக்கிழங்கு இல்லாம. சோத்துல கிழமை எல்லாம் எழுதி. ஞாபகம் இருக்கா?"

சுமியே பானையின் மூடியைத் தேடி எடுத்தார். கதயாமா-சான் வீட்டுக்குப் போக எழுந்தவர், எழுந்தபடியே நின்றார்.

"என் வாழ்க்கையில அந்த மாதிரி கரே நான் சாப்பிட்டதே இல்ல. நாலாம் நாள் தட்டை வழிச்சுத் தின்னேன். இவ்வளவு மெனக்கெட்டு எனக்காகச் செஞ்சு வெச்சிட்டுப் போயிருக்காளேன்னு நினைச்சேன். ஊறுகாய்தான் கண்ணுலயே படல. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட நீ அதைச் செய்யல. ஏன்?"

குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. கதயாமா-சான் சுமியேவையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருடமாக அவர் காத்திருந்த கணம் அது. அவர் முகத்தில் அதை மறைக்கும் முயற்சி எதுவுமில்லை.

"தேவைப்படல" என்றார் சுமியே.

"அது பிடிக்கும்னு நீங்க ஏன் சொல்லல?" என்று உடனே கேட்டார். "தினமும் கேட்டேனே."

யசுஹிகோ யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார், தரச் சோதனைக்காரர்.

"கேட்ட உடனே வாய் அதைச் சொல்லிடும். எதுவானாலும் சரின்னு. நான் நினைக்கறதுக்குள்ள அது சொல்லி முடிச்சிடும். உனக்கும் அப்படித்தானே?"

"ம்" என்றார் சுமியே. ஆனால் இது வேறு "ம்".

தொத்தோரியிலிருந்து யசுஹிகோவின் தம்பி போன் செய்தார், அண்ணன் பத்திரமாக இருக்கிறாரா என்று. யசுஹிகோவே எடுத்து, "நான் கரே வெச்சா உனக்கு என்னடா கவலை?" என்றார். 

மறுநாள் காலை முத்திரை குத்தினார்கள். சுமியே முத்திரையைத் தேடியதிலேயே பத்து நிமிடம் போனது. முத்திரை இருந்த இழுப்பறையை யசுஹிகோ மே மாதம் ஒழுங்குபடுத்தியிருந்தார். இப்போது எந்தப் பொருள் எங்கே இருக்கிறதென்று அந்த வீட்டில் அவருக்கு மட்டும்தான் தெரியும். வட்டம் நேராக விழுந்திருக்கிறதா என்று ஒப்பந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "சரி!" என்று விரலால் சுட்டிச் சொன்னார்.

மாலையில் இரண்டாம் நாள் குழம்பு சூடானது. கதயாமா-சான் அறிவிப்புப் பலகையை மேசையிலேயே விட்டுப் போயிருந்ததால் அதைத் திரும்ப எடுக்க வந்தார், வந்தவர் உட்கார்ந்துவிட்டார். சுமியே குளிர்பெட்டியின் முன்னால் நின்றார்.

"அப்பா, ஊறுகாய் எங்க வெச்சிருக்கீங்க?"

"கதவுல. ரெண்டாவது தட்டு. முட்டைக்குப் பின்னாடி."

சுமியே தேடினார். "இல்லயே."

"நல்லா பாரு."

"முட்டை எங்க?"

யசுஹிகோ எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தார். கதயாமா-சானுக்கு எதற்கு அவ்வளவு சிரிப்பு வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. இருமல் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

சாப்பிட்டு முடித்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை காலைவரை காத்திருக்கவில்லை. "நாளைக்கு ராத்திரிக்கு என்ன வேணும்?"

சுமியே வாயைத் திறந்தார். அந்தப் பழைய பதில் நாக்கின் நுனிவரை வந்ததை கதயாமா-சான் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். சுமியே வாயை மூடினார். மறுபடி திறந்தார்.

"கரே."

"மூணாம் நாளுமா?"

"இது வேண்டாம். புதுசா வையுங்க. சின்னப் பானையில. உருளைக்கிழங்கு போட்டு."

யசுஹிகோ சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். சுவரிலிருந்த பட்டியலின் ஓரத்தில் தேதியும் பண்டமும் எழுதிக்கொண்டார். பிறகு திரும்பினார்.

"உருளைக்கிழங்கு எத்தனை கிராம்?"

"தேவையான அளவு" என்றார் சுமியே.